சுங்கை சிப்புட்டில் இராணுவச் சேவைப் பதிவைத் திருத்த உதவும் டைப்பிங் கடை

உங்கள் வீட்டில் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்து, அவருடைய சேவைப் பதிவில் பெயரோ தேதியோ தப்பாக இருந்தால், யாரிடமும் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம், பழைய கடை வரிசையில் இருக்கும் டைப்பிங் கடைக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பலகையில் பெயர் மங்கிப் போய்விட்டது. போராங் (பாரம்), சூராட் (கடிதம்) என்ற இரண்டு மலாய்ச் சொல் மட்டும்தான் தெரியும். ஆனால் பாசாரில் யாரைக் கேட்டாலும் சார்ஜன் கடை என்று கை காட்டிவிடுவார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன், அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடையை நடத்துபவர் இராணுவத்தில் கிளார்க் வேலை பார்த்து, சார்ஜனாக ஓய்வு பெற்றவர். சேவைப் பதிவு என்ற காகிதம் எப்படி உருவாகிறது, எந்தப் பக்கத்தில் எழுதியது எந்தப் பக்கத்துக்குப் போகிறது, ஓர் இடத்தில் விழுந்த தப்பு எப்படி அடுத்தடுத்த காகிதங்களுக்கும் ஏறிக்கொண்டே போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மற்ற டைப்பிங் கடைகளில் நாம் சொல்வதை அப்படியே அடித்துக் கொடுத்துப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொள்வார்கள். இவர் முதலில் படிக்கிறார். நாம் கொண்டுபோன ஒவ்வொரு தாளையும் படித்து முடிக்கும் வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. எனக்கு இந்தக் கடையைப் பிடித்துப் போனதற்கு இதுதான் காரணம்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தோட்டத்தில் பிறந்தவர், தாத்தா பாட்டி இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் பால் எடுத்தவர்கள். 1972 கடைசியில் ரெஞ்சர் படையில் சேர்ந்து, 1994-இல் கோப்ரலாக வெளியே வந்தார். சாதாரணச் சிப்பாய்களுக்குப் பென்சன் கிடைக்க 21 வருஷம் சேவை வேண்டும், அப்பா அதைத் தாண்டிவிட்டார், மாதாமாதம் பென்சன் ஒழுங்காக வருகிறது. பணம் வந்துகொண்டிருக்கும்போது பதிவை யார் திறந்து பார்ப்பார்கள்? நாங்களும் பார்க்கவில்லை. பழைய தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) எதிர் லயத்தில் இருந்த ஒரு மாமா, அவரும் பட்டாளத்தில் இருந்தவர், இறந்துபோனார். அவர் பென்சனை அத்தை பெயருக்கு மாற்றப் போனபோது பதிவில் இருந்த மனைவி பெயரும் அத்தையின் ஐசியில் (அடையாள அட்டையில்) இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. கணவரை இழந்து கருமாதி முடிந்த கையோடு ஒரு வயதான பெண் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். ‘இவர்தான் உன் கணவர் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று ஒரு கவுண்டரில் கேட்டார்களாம். அன்றைக்கு ராத்திரிதான் அம்மா அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

எனக்குக் கண்ணில் பட்டது இரண்டு தப்பு. தாத்தாவின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து குறைந்திருந்தது, அப்புறம் அப்பாவின் பழைய ஐசி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. ‘தெரிந்த ஆள் மூலமாக முடித்துத் தருகிறேன்’ என்று வேறு ஊரில் ஓர் ஏஜெண்டு எண்ணூறு வெள்ளி கேட்டார். அவர் சொன்ன வழி என்ன தெரியுமா? பட்டாளத்துப் பதிவை மாற்றுவது கஷ்டமாம், அதனால் அப்பாவின் ஐசியில் இருக்கும் பெயரைப் பதிவில் உள்ளபடி மாற்றிவிடலாமாம். கேட்கும்போது எனக்கும் சரி என்றுதான் பட்டது. சார்ஜன் அதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிக்கச் சொல்றாரா? ஐசியைத் தொடவே தொடாதீங்கம்மா’ என்றார். ஐசியை மாற்றினால் நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேருடைய பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் வேறாகிவிடும், வீட்டு கிராண்டில் (நிலப் பட்டாவில்) வேறாகிவிடும், வங்கியில் வேறாகிவிடும். ஒரு தப்பைச் சரிசெய்யப் போய் ஏழெட்டுத் தப்பை உண்டாக்கிக்கொள்வோம். தப்பு எங்கே விழுந்ததோ அங்கேதான் திருத்த வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கவனமாக இருங்கள்.

அவர் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்தால் ஆன அடிக்கோல் ஒன்றை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, பென்சிலால் தனித் தாளில் குறித்துக்கொண்டே போகிறார். நம் காகிதத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். சேவைப் புத்தகம், ஓய்வுச் சான்றிதழ், பென்சன் கடிதம், வேட்டரன் (முன்னாள் வீரர்) அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய நீல ஐசியின் நகல், இப்போதைய மைகார்டு, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் கண்ட இரண்டு தப்புக்கு மேல் அவர் இன்னும் மூன்று கண்டுபிடித்தார். சேவைப் புத்தகத்தில் சேர்ந்த தேதி ஒன்று, ஓய்வுச் சான்றிதழில் இன்னொன்று, நடுவில் ஒரு மாதம் வித்தியாசம். அப்பாவுக்கு 21 வருஷத்துக்கு மேலே சில மாதங்கள் இருப்பதால் பென்சன் பாதிக்கப்படவில்லை. ஆனால் 21 வருஷத்தை ஒட்டி நிற்கும் ஒருவருக்கு அந்த ஒரு மாதம்தான் பென்சன் உண்டா இல்லையா என்பதையே முடிவு செய்யும் என்றார். பாதிப்பு இல்லை என்றாலும் திருத்தச் சொல்லிவிட்டார். இரண்டு காகிதம் இரண்டு விதமாகப் பேசினால் நாளைக்குப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்றாவது காகிதத்தின் மேலும் சந்தேகம் வரும் என்பது அவர் கருத்து. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

பெயரில் எழுத்து விழுந்துபோனதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. தாத்தா பெயர் ஆங்கிலத்தில் சி, எச் என்று இரண்டு எழுத்தாக வரும். பதிவில் எச் இல்லை. 1972 ஆகஸ்டில்தான் மலாய் மொழிக்குப் புதிய ரூமி, அதாவது ஆங்கில எழுத்தில் எழுதும், எழுத்துமுறை வந்தது. அதுவரை சி, எச் என்று எழுதிய ஒலியை அதற்குப் பிறகு வெறும் சி என்று எழுத வேண்டும். அப்பா சேர்ந்தது அதற்கு அடுத்த சில மாதங்களில். புதுமுறைக்குக் கை பழகிக்கொண்டிருந்த யாரோ ஒரு டைப்பிஸ்ட் தமிழ்ப் பெயரையும் அதே கணக்கில் அடித்திருக்கலாம் என்பது சார்ஜனின் ஊகம். ஊகம் என்றே சொன்னார், கடிதத்தில் அதை எழுதவில்லை. ‘ஏன் தப்பாச்சுங்கிறது அவங்களுக்கு வேண்டாம், எது சரி, அதுக்கு என்ன காகிதம் இருக்கு, அவ்வளவுதான் வேணும்’ என்றார்.

தோட்டத்து ஆட்களின் காகிதங்களில் இவ்வளவு குழப்பம் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குழந்தை பிறந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரோ, கணக்கரான கிராணியோ காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். தகப்பன் பெயருக்கு முன்னால் பழைய காகிதத்தில் எஸ் ஓ என்று இருக்கும், பின்னால் வந்த காகிதத்தில் ஆனாக் லெலாக்கி என்று ஏ எல் போட்டிருக்கும், இரண்டுக்கும் மகன் என்றுதான் அர்த்தம். நாட்டில் ஐசி என்பதே 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் வந்ததுதான். அந்த அவசரகாலம் தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், 1948 ஜூன் 16-இல் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுடப்பட்ட பிறகு. அதனால் இந்த ஊரில் சீருடை போட்ட தாத்தாவோ அப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் குறைவு. ஹோம் கார்டு, ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களையும் அந்தக் கடையில் பார்த்தேன். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்றால் அது போலீஸ் கணக்கு, இராணுவப் பதிவில் தேடினால் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவைத்தார். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு கடிதத்தை அடித்துக் கொடுத்துக் காசு பார்க்கும் ஆள் அவர் இல்லை.

நான்காவது தப்புதான் எங்களை உலுக்கிவிட்டது. அப்பாவின் பதிவில் திருமண நிலை என்ற இடத்தில் பூஜாங் என்று இருந்தது. 21 வருஷச் சேவையும் கல்யாணம் ஆகாத ஆளாகவே முடித்திருக்கிறார், காகிதத்தின்படி. அம்மா அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1978-இல், தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தாலி கட்டி, தோட்டமே சாப்பிட்டது. ஆனால் சான்றிதழ் கிடையாது. அப்பா கேம்ப் வீடு கேட்டதே இல்லை. பாட்டியைத் தனியாக விட முடியாது என்று அம்மா லயத்திலேயே இருந்து பால்மரம் வெட்டினார், அப்பா மணியார்டர் அனுப்புவார், லீவுக்கு வருவார். அதனால் பட்டாளத்துக் காகிதத்தில் மனைவி என்ற கட்டம் யாருக்கும் தேவைப்படாமலே போய்விட்டது.

இப்படியே விட்டிருந்தால் அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வரவேண்டிய பென்சென் தெர்பித்தான், அதாவது கணவர் காலமான பின் மனைவிக்குத் தொடரும் பென்சன், எதிர் லயத்து அத்தைக்கு ஆனதைவிட மோசமாக மாட்டிக்கொண்டிருக்கும். சார்ஜன் பதறவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முன்னால் சமய முறைப்படியோ வழக்கப்படியோ நடந்த கல்யாணம் செல்லும், அதை இப்போதுகூடப் பதிந்துகொள்ள அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று விளக்கினார். ஆகவே முதலில் தேசியப் பதிவிலாகாவில் கல்யாணத்தைப் பதிய வேண்டும், அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பட்டாளத்துக்கு எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் கடிதம் திரும்பி வரும். கல்யாணப் படம் ஒன்று இருந்தது, பெரியத்தை சாட்சிக்கு வந்தார், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் அப்பா அம்மா பெயர் சேர்ந்து இருந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேலே குடும்பம் நடத்தியவருக்கு இப்போது போய்ப் பதிவதில் ஒரு கூச்சம் இருந்தது, ஆனால் சான்றிதழை வாங்கியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். வேறெங்கும் இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் பெற்றோருக்கும் 1982-க்கு முன்னால் கோயிலில் கல்யாணம் நடந்து சான்றிதழ் இல்லை என்றால், பட்டாளம் இருக்கிறதோ இல்லையோ, இந்த வேலையை இரண்டு பேரும் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்து கடிதம். நல்ல மலாயில், அலுவலக நடையில், சுருக்கமாக எழுதுகிறார். மேலே சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் தனிப் பத்தி. இப்போது என்ன எழுதியிருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு எந்த இணைப்பு ஆதாரம் என்று மட்டும். அப்பா பட்ட கஷ்டம், வயசு, சர்க்கரை வியாதி எதையும் உள்ளே விடவில்லை. நான் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். படிக்கிற கிளார்க் முதல் நிமிஷத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் அடியில் போய்விடும் என்கிறார். ஆதாரத்திலும் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சம்பவம் நடந்த காலத்திலேயே எழுதிய காகிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ், ஐசி எண்ணுக்குப் பதிவிலாகாவின் உறுதிக் கடிதம். நாமே இன்றைக்குச் செய்யும் சத்தியப் பிரமாணம் அதற்கெல்லாம் துணைதான், அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

சத்தியப் பிரமாணம் என்றதும் ஒரு விஷயம். அது 1960-ஆம் ஆண்டு அக்குவான் பெர்கானுன் சட்டத்தின் கீழ் வருவது, பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், முன்னால் செய்ய வேண்டும். சார்ஜன் அடித்துத்தான் கொடுப்பார், முத்திரை போடும் அதிகாரம் அவருக்கு இல்லை, அப்படி இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. ‘வீட்ல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிடாதீங்க அண்ணே, அவங்க முன்னாலதான் போடணும்’ என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். தெரிந்தே பொய் எழுதினால் குற்றம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அடிக்க ஆரம்பித்தார். ஐசி எண் மாறிய காரணம் தனக்குத் தெரியாது என்று அப்பா சொன்னதும், ‘தெரியாதுன்னே எழுதுவோம்’ என்று அப்படியே எழுதினார்.

அசல் காகிதம் எதையும் அனுப்ப விடவில்லை. உண்மை நகல் முத்திரை போட்ட நகல்கள் மட்டும்தான். நாங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் முத்திரை வாங்கினோம். ஈப்போவில் இருக்கும் இராணுவ முன்னாள் வீரர் விவகாரத் துறைக் கிளையில், எல்லாரும் ஜே எச் இ வி என்று சொல்வார்களே அங்கே, நேரில் கொடுத்து நம் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னார். போக முடியாதவர்களுக்குப் பதிவுத் தபால்.

ஐந்தாவது விஷயம்தான் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. நாங்கள் பென்சனையே பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். சரவாக்கில் இருந்த காலம் அதில் இல்லை. கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்குக் காவல் இருந்தது இருக்கிறது, அது 1982-இல் திறந்த சாலை. அதற்கு முன்னால் சிபுவில், ராஜாங் ஆற்றுப் பக்கம், ராஸ்கோம் என்று 1972-இல் அமைத்த பாதுகாப்பு வட்டாரத்தில் அவர் இருந்த காலத்துக்கு ஒரு வரிகூட இல்லை. 1973-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களோடு ஸ்ரீ அமான் உடன்பாடு ஆனதும் சரவாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை, கடைசிக் குழு காட்டை விட்டு வெளியே வந்தது 1990-இல். அப்பா அங்கே தன்னோடு இருந்த ஒருவரைப் பறிகொடுத்தவர். வீட்டில் எங்களிடம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. சார்ஜன் முன்னால் உட்கார்ந்து, எந்த மாதம் போனோம், எந்தக் கம்பெனி, யார் கமாண்டர், எங்கே முகாம் என்று அவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அவசரப்படுத்தவே இல்லை. வெளியே ஆள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதில் காசு ஒன்றும் வரப்போவதில்லை. பொதுச் சேவைப் பதக்கம் சம்பந்தமாக ஏதாவது ஆகலாம், ஆகாமலும் போகலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சார்ஜன் தெளிவாகச் சொன்னார். இருந்தாலும் அந்த வரியைச் சேர்ப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக ஆதாரம் வேண்டும், ஏனென்றால் இது எழுத்துப்பிழை இல்லை, இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வது. சிபுவில் எடுத்த, பின்னால் தேதி எழுதிய படம், பாட்டிக்கு அனுப்பிய கடிதத்தின் உறை, கூட இருந்தவர்களின் சத்தியப் பிரமாணம் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கூலிமில் இருக்கிறார், இன்னொருவர் நடக்க முடியாமல் இருக்கிறார், அவர் வீட்டுக்கே போய்க் கேட்டோம். அதனால் இந்த ஒன்றை மற்றத் திருத்தங்களோடு சேர்க்காமல் தனிக் கடிதமாக வைத்தார் சார்ஜன். கஷ்டமான ஒன்று சுலபமான நான்கையும் பிடித்து இழுத்து நிறுத்திவிடக்கூடாது என்பது அவர் யோசனை, அது எவ்வளவு சரி என்று பின்னால் தெரிந்தது. பெயர், ஐசி எண், சேர்ந்த தேதி, திருமண நிலை நான்கும் திருத்திக் கடிதம் வந்துவிட்டது. கடிதத்தில் அம்மா பெயர் எழுத்து விடாமல் சரியாக இருக்கிறது. சரவாக் இன்னும் வரவில்லை. வரும் வரைக்கும் எழுதுவோம்.

குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, மேசைமேல் மற்றவர்களின் காகிதங்கள் திறந்தபடி கிடக்கின்றன. ஐசி எண், வங்கிக் கணக்கு, மருத்துவக் கடிதம் எல்லாம் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் படும். இவ்வளவு கவனமான மனிதர் இதில் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு வருத்தம், நேரிலேயே சொன்னேன், ஃபைல் வாங்குகிறேன் என்றார், அடுத்த முறை போனபோது பாதிதான் மாறியிருந்தது. அரை நட்சத்திரம் முழுக்க இதற்காகத்தான். உங்கள் காகிதங்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், அன்றன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டாவது, நேரம் எடுக்கும். அடுத்த வாரம் கடைசி நாள் என்று ஓடிவருகிறவர்களுக்கு இது சரிப்படாது. மூன்றாவது, கொஞ்சம் குரலை உயர்த்துவார். அசலை லாமினேட் செய்து கொண்டுவந்த ஒரு பையனை அவர் திட்டிய திட்டு ரோடு வரைக்கும் கேட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை, லாமினேட் செய்த பழைய காகிதத்தின் பின்பக்க முத்திரையைப் பல இடங்களில் சரிபார்க்க முடியாமல் போகிறது. வயசானவர்களிடம் மட்டும் குரல் இறங்கிவிடும். அப்பாவை முதல் நாளில் இருந்தே அண்ணே என்றுதான் கூப்பிட்டார், உட்கார நல்ல நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

காசு விஷயம். படித்துப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்வதற்கு ஒன்றும் வாங்குவதில்லை. கடிதம் ஒன்றுக்கு எங்களிடம் முப்பது வெள்ளி வாங்கினார், சத்தியப் பிரமாணம் அடிக்க இருபது. பெசுருஜாயா சும்பாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஏஜெண்டு கேட்டதில் கால்வாசிகூட ஆகவில்லை, அதுவும் ஒவ்வொன்றுக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார். நான் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிவிட்டார். ரொக்கம் மட்டும்தான்.

எல்லா வேலைக்கும் இவர் ஆள் இல்லை. பதவி இறக்கம், சேவையில் இருந்து நீக்கிய காரணம், காயத்தால் வந்த ஊனத்துக்கான உதவித்தொகை மாதிரியான வழக்குகளை அவர் எடுப்பதில்லை. அதற்கு வக்கீலைப் பாருங்கள், அல்லது முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைக்குப் போங்கள் என்று அனுப்புகிறார். 21 வருஷம் முடிக்காமல் வெளியே வந்தவர்கள் பென்சன் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், முடியாது என்று சொல்லிவிடுகிறார். ஆனால் அவர்களும் வேட்டரன்தான், அவர்களுக்கு என்று இருக்கும் உதவிகள் வேறு, அதற்கும் பெயரும் எண்ணும் சரியாக இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று உட்காரவைத்துப் பேசுகிறார். எங்களுக்கு முன்னால் இருந்தவர் 13 வருஷச் சேவைக்காரர், பால்மரம் வெட்டிய கை, பேனா பிடிக்கத் தடுமாறினார். அவருக்கும் எங்களுக்குக் கொடுத்த அதே நேரத்தைத்தான் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: வேட்டரன் தாமே வந்தால்தான் நல்லது, பிள்ளைகள் மட்டும் போனால் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாது. சேவை எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அப்பா மாதிரி ஆட்கள் அதை மனப்பாடமாகவே சொல்வார்கள், ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய படம், கடித உறை, சம்பளச் சீட்டு எதையும் குப்பை என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். காலையில் ஒன்பது மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. சம்பள வாரத்தில் லைசன்ஸ் புதுப்பிக்க வருகிறவர்கள் நிறைந்துவிடுவார்கள். தைப்பூச வாரம் கடை பூட்டியிருக்கும். போட்டோஸ்டேட் மட்டும் அங்கே எடுக்க வேண்டாம், மெஷின் பழசு, முத்திரை கறுப்பாக விழுகிறது, பக்கத்துப் புத்தகக் கடையில் தெளிவாக எடுத்துக்கொண்டு போங்கள்.